வார்னிங்கின் வாயை அடைத்தவர்கள்

ஜூன் 8, 1998. திங்கள்

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்றும் குழாயில் வரவில்லை. அத்தை குடத்தோடு குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் நைசாக நழுவி ஊரிகத்தில் பஸ் பிடித்துவிட்டேன்.

ஆபீசில் பிரதாப் இல்லை. உதிரி பாகம் வாங்க பெங்களூர் போயிருக்கிறான். அவன் எழுதிய டிரைவர் புரோகிராமை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கம்பைல் செய்து பார்க்கச் சொன்னார் முதலாளி துளசிராமன் சார். குவாரிக்குப் போகிற வேலை அது. பள்ளத்திலிருந்து தொட்டியைக் கயிற்றில் தூக்கும் மோட்டார், அதைக் கவனிக்க எங்கள் சர்க்யூட் கார்டு, கார்டை ஆட்டிவைக்க இந்த டிரைவர்.

எழுதியதில் எங்கே இடறலாம் என்று கம்பைலர் காட்டும் வார்னிங் ஒன்றுகூட வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இவ்வளவு சுத்தமாகவா எழுதுகிறான் இந்தப் பையன்?

பிறகுதான் பார்த்தேன். வார்னிங் இல்லாமல் இல்லை. எதையும் காட்டாதே என்று கம்பைலரின் வாயை முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கிறான்!

ஜூன் 9

அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரை நிறைந்து வழிந்தது. பெரும்பாலும் ஒன்றுமில்லாத புகார்கள்: இங்கே ஒரு பெயர் வைத்தாய், பயன்படுத்தவில்லை; அங்கே ஒரு மதிப்பைக் கேட்டாய், எடுத்துக்கொள்ளவில்லை. சலிப்போடு படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒப்பிடும் எண் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது அந்த வரி.

அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி மேலே வர வர, கயிறு சுற்றும் டிரம்மின் அசைவை எண்ணிக்கொண்டே வருகிறது புரோகிராம். எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்த வேண்டும். சரிதான். ஆனால் எண்ணிக்கையைப் போட்டு வைத்திருப்பது சாதாரண இண்டிஜரில். எங்கள் கம்பைலரில் அதற்குள் 32,767 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் தலைகீழாக மைனசில் போய் விழும். நாற்பதாயிரம் அதற்குள் ஒரு நாளும் வராது.

அதாவது, மோட்டாரை நிறுத்தச் சொல்லும் வரி எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

அரைப்படியில் அளந்துகொண்டே இரு, முக்கால்படி நிறைந்ததும் என்னைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. கம்பைலர் பாவம், அதைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறது. சொல்லவிடவில்லை.

கல் மட்டும் ஏறி வரும் தொட்டி என்றால் இவ்வளவு பதறமாட்டேன். ஆள் ஏறுகிறார்கள். கனகபுரா பக்கத்துக் குவாரி. வெட்டி வெட்டி ஆழமாகிப்போய், ஷிப்டு மாறும்போது எல்லோரும் தொட்டியில்தான் இறங்குவதும் ஏறுவதும். நிற்காத தொட்டி உச்சியில் இருக்கும் சக்கரத்தில் மோதும். கயிறு அறும். அப்புறம் என்ன ஆகும் என்று கோலார் தங்க வயலில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 11

பிரதாப் வந்துவிட்டான். கேட்டேன்.

"சும்னே தொல்லைக்கா. எல்லாம் வேஸ்ட் வார்னிங். அதுக்கு நடுவுல எரர் எங்க கீதுன்னே தெரியறதில்ல. அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

வரியைக் காட்டினேன். தலையைச் சொறிந்தான். "நம்ம டெஸ்ட் பென்ச்ல கரெக்டா நின்னுச்சேக்கா?"

"பென்ச்ல லிமிட் எவ்ளோ வெச்ச?"

"பத்தாயிரம். ஆபீஸ் மோட்டாருக்கு அது போதும்ல?"

போதும். பத்தாயிரம் இண்டிஜருக்குள் அடங்கும். அதனால்தான் நின்றது. குவாரியின் ஆழத்துக்கு நாற்பதாயிரம் என்று எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, ஆயிற்று என்று எழுந்துவிட்டான்.

புரிந்ததும் முகம் மாறியது. உடனே, "அன்சைன்டு ஆக்கிட்டா அறுபத்தஞ்சாயிரம் வரைக்கும் போவும், முடிஞ்சுதுக்கா" என்றான். முடியாது. தொட்டி அடியில் உட்காரும்போது கயிறு தளர்ந்து எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றிரண்டு போகும். மைனஸ் தெரியாத இடத்தில் மைனஸ் ஒன்று அறுபத்தைந்தாயிரமாகிவிடும். அடியில் இருக்கும் தொட்டியை உச்சிக்கு வந்துவிட்டதாக நினைத்து நிறுத்தும். எண்ணிக்கையை இன்னும் பெரிய எண் கொள்ளும் லாங் ஆக்க வேண்டும், நாற்பதாயிரத்துக்குப் பின்னால் எல் போட வேண்டும், எண்ணிக்கை போகிற இடமெல்லாம் தேடி மாற்ற வேண்டும். ஒரு மாலையில் முடிகிற காரியம் இல்லை.

"சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. டெலிவரி டெலிவரின்னு குதிச்சினு கீறாரு."

ஜூன் 12

சார் கீழே கடையில் இருந்தார். அவர்கள் குடும்ப ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் யூனிட். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் கீழே சேலை, மேலே சர்க்யூட். கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"வார்னிங்தானம்மா? எரர் இல்லியே?"

"வார்னிங்தான் சார். ஆனா அது சொல்றது உண்மை. மோட்டார் நிக்காது."

"அதான் மேல லிமிட் சுவிட்ச் தனியா கீதே. இரும்புல இடிச்சா கரண்ட்டு கட்டு. நம்ம புரோகிராமு அதுக்கு ஒரு துணை. அவ்ளோதான்."

"துணை வேலை செய்யாதுன்னு தெரிஞ்சே எப்படி சார் குடுக்கறது?"

"தெரிஞ்சேன்னு யாரு சொல்றது? நீ சொல்றே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பிரதாப் கையில சொல்லி அந்த ஒரு வார்னிங்க மட்டும் வராம பண்ணு. மத்தத தொறந்தே வெச்சுக்கோ, உன் ஆசைக்கு."

என் ஆசைக்காம்! பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் தொட்டி என் ஆசை!

நூல் இழுத்த சேலையை அந்தப் பக்கம் தெரியாமல் மடித்துக் காட்டும் கை அது. மேலே வந்தாலும் அதே மடிப்புதான்.

— இப்படி எழுதியது சரியில்லை. கல்யாணமானவள், தினமும் ரயிலில் வந்து போவாய், வேலைக்கு ஆகாது என்று பெங்களூரில் ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிரித்தபோது, நம்ம ஊர்ப் பொண்ணு என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர் இவர்தான். அதையும் எழுதி வைக்கிறேன். ஆனாலும் மடிப்பு மடிப்புதான்.

ஜூன் 13

வார்னிங்தானே. வார்னிங்தானே. மாவு கரைக்கும்போதுகூட அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஜூன் 15

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பென்ச் மோட்டாரில் லிமிட்டை நாற்பதாயிரமாக்கி ஓட்டினேன். பிரதாப்பைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். எண் ஏறியது, ஏறியது, முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும் இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் மைனஸாகி, அங்கிருந்து மறுபடி மெல்ல ஏற ஆரம்பித்தது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிரதாப் லிமிட் எண்ணை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தான்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, ஓடட்டுமே. மோட்டார் எரிஞ்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கீழே கஸ்டமர் காத்திருக்கிறார் என்று போய்விட்டார்.

அவருக்குப் புரியவில்லையா, புரிந்துகொள்ள இஷ்டமில்லையா? இரண்டில் எது மோசம்?

ஜூன் 18

இன்று எனக்கு அவமானம்.

எல்லா இடத்திலும் லாங் ஆக்கி, எல் சேர்த்து, வார்னிங் ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆயிற்று. நாற்பதாயிரத்தில் சொன்னபடி நின்றது. பெருமையாகச் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்ற நேரம் பார்த்து, அடியிலிருந்து கிளம்பும்போதே மோட்டார் காரணமில்லாமல் நின்றது. மறுபடி போட்டேன், ஓடியது. மறுபடி போட்டேன், நின்றது.

"பாத்தியாம்மா? ஓடினு இருந்தத நீதான் கெடுத்து வெச்சிருக்கே. இதுக்குத்தான் சொன்னது, தூங்கறத எழுப்பாதன்னு."

பிரதாப்புக்கு முன்னால். கீழேயிருந்து டீ கொண்டுவந்த வேலுவுக்கு முன்னால். மறுக்க வழியில்லை, நின்றது உண்மை.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் ரவி, உலகக் கோப்பை பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று. யாரிடமும் பேசத் தோன்றவில்லை. வெளியே காற்று, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுத் தூசியை வாரி வந்து கொட்டியது. கழுவிக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி கழுவ வேண்டும்.

ஜூன் 22

பிடித்துவிட்டேன்!

எங்கள் கம்ப்யூட்டர் லாங்கை ஒரே மூச்சில் எடுக்காது; இரண்டு பாதியாக எடுக்கும். ஒரு பாதியை எடுத்துவிட்டு மறு பாதிக்குப் போகும் இடைவெளியில் கார்டு குறுக்கே புகுந்து எண்ணை மாற்றிவிட்டால், பழைய தலையும் புதிய வாலும் ஒட்டிய ஓர் எண் வரும். பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவில் அது நடந்தால் அறுபத்தைந்தாயிரம். அதனால்தான் அடியில் மட்டும் நின்றது. எண்ணைப் படிக்கும் அந்தத் துளி நேரத்துக்கு மட்டும் கார்டைக் காத்திரு என்று சொல்ல வேண்டும். இரண்டே வரி.

இன்று முழுக்க ஓட்டினேன். பூஜ்யத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். உச்சியில் விட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் செய்ததில் ஓட்டை இருந்தது, தேடினேன், அடைத்தேன். ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும், அதைக் காட்டுகிறவர் வாயை அல்ல. இதில் என்ன கஷ்டம் இவர்களுக்கு?

திருத்திய புரோகிராம் இருந்த பிளாப்பியைச் சார் மேசையில் வைத்தேன். "வெச்சிட்டுப் போம்மா, பாக்கலாம்" என்றார்.

ஜூன் 25

நாளை வேலூரில் பெரியம்மா வீட்டு வளைகாப்பு. லீவு கேட்டதும் கொடுத்துவிட்டார். ஆச்சரியம்.

ஜூன் 27

ஆச்சரியம் என்ன ஆச்சரியம்! நான் வேலூரில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது பிரதாப்பைக் குவாரிக்கு அனுப்பி டெலிவரி முடித்திருக்கிறார். போனது என் பிளாப்பி இல்லை. பழையது. அந்த ஒரு வார்னிங்கை மட்டும் அடைக்கும் வரியோடு.

"சார்தான்க்கா சொன்னாரு. பழசு ஓடிப் பாத்தது, புதுசு நம்ப முடியாதுன்னாரு." என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நீ பென்ச்ல பாத்தியே பிரதாப். உன் கண்ணால பாத்தியே."

துடைத்துக்கொண்டே இருந்தான்.

சாரிடம் போனேன். மூன்று மாதத்தில் சர்வீசுக்குப் போவோம், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். மூன்று மாதம்! அதுவரை யாரை அங்கே அந்தத் தொட்டியில் ஏற்றுவது?

வீட்டில் சொன்னேன். ரவி ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஃபேக்டரி கிரீஸ் இன்னும் கையில். "நீ திருத்திக் குடுத்துட்ட இல்ல? அதோட உன் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல அவங்க பாடு" என்றார்.

எங்கே முடிந்தது? என்ன முடிந்தது?

ஜூன் 29, திங்கள்

இன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து குவாரிக்குப் போன் செய்தேன்.

முதல் தடவை வைத்துவிட்டேன். இரண்டாவது தடவைதான் பேசினேன். எடுத்தவர் ஃபோர்மேன் பெருமாள். டெமோ பார்க்க ஒரு முறை ஆபீசுக்கு வந்திருந்தார். என்னை நினைவு இருந்தது.

சொன்னேன். மோட்டாரை உச்சியில் நிறுத்தும் வேலையை எங்கள் புரோகிராம் செய்யாது, சரியானது ஆபீசில் தயாராக இருக்கிறது, அது வரும்வரை அதை நம்பி ஆளை ஏற்றாதீர்கள் என்று.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதை உங்க ஓனரு இல்லம்மா சொல்லணும்?" என்றார்.

"அவர் சொல்லமாட்டாரு. அதான் நான் சொல்றேன்."

"பரவாயில்லம்மா. ஆப்பரேட்டர் கையாலதான் நிறுத்தறாரு. தப்பிப் போனாலும் மேல லிமிட் சுவிட்ச் கீது..." பேச்சு அங்கேயே நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். "ஹலோ" என்றேன்.

"இல்லம்மா. அந்தச் சுவிட்ச்... தூசி பட்டுப் பட்டு சும்மா சும்மா கட்டாயினே இருந்துச்சு. வேலை கெடுதுன்னு சனிக்கிழம பசங்க கம்பி வெச்சுக் கட்டிட்டாங்க. அதான் கம்ப்யூட்டர் வந்துடுச்சேன்னு..."

பூத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் சார் அந்தச் சுவிட்சை நம்பினார். அவர்கள் எங்கள் புரோகிராமை நம்பினார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆப்பரேட்டர் கண் அசந்தால் போதும்.

"பெருமாள் சார், இப்போ தொட்டியில யாராவது கீறாங்களா?"

"மதிய ஷிப்டு எறங்கணும். இருங்க, இருங்கம்மா." ரிசீவரைக் கீழே வைக்காமலேயே கத்தினார். யாரையோ, "நிறுத்துடா! ஏணி போடுடா!" என்று கத்துவது எனக்கு இங்கே கேட்டது.

ஜூன் 30

வேலை போய்விட்டது.

சார் கத்தவில்லை. அதுதான் எரிகிறது. "உன்னை நம்ம ஊட்டுப் பொண்ணுன்னு நெனச்சேன், என் கஸ்டமர்கிட்ட என்னையே காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றார். நான் அவரைக் காட்டிக் கொடுத்தேனாம். அவர் அந்தக் குவாரி ஆட்களை என்ன செய்தார்? அதற்கு என்ன பேர்? கேட்டேன். கேட்டே விட்டேன். டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைப் பெண்கள் சேலை மடிப்பதை நிறுத்திப் பார்த்தார்கள்.

வீட்டில் ரவிக்குப் பயங்கரக் கோபம். என்னைக் கேக்காம எப்படிப் போன் போட்ட, இந்த ஊர்ல இனிமே யாரு உனக்கு வேலை குடுப்பாங்க, மைன்ஸே மூடப் போறாங்கன்னு ஊரே அழுவுது, கையில இருந்த வேலைய நீயே தூக்கிப் போட்டுட்ட என்று ஒரே சத்தம். நானும் விடவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

அடுப்படியிலிருந்து அத்தை தங்கம்மா வந்தார். அவர் பேச ஆரம்பித்தால் லைன் வீடு எல்லாம் கேட்கும்.

"டேய் ரவி. உங்கப்பன் மைன்ஸ்ல கேஜுல எறங்கனா, ஏறி வர்றவரைக்கும் சோத்த வடிச்சு வெச்சுட்டு வாசலையே பாத்துனு இருந்தவ நான். போன் போட்டது தப்புன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாத. போ, போய் மூஞ்சிய கழுவு."

ரவி முகம் கழுவப் போனார். நான் அழுதேன். கோபத்தில்தான்.

ஜூலை 3

ரவி பேசவில்லை. நானும்.

ஜூலை 7

பேசினார். "சாப்டியா?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

ஜூலை 14

பிரதாப் வீட்டுக்கு வந்தான். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். என் பிளாப்பியில் இருந்ததைத்தான் குவாரியில் போட்டிருக்கிறார்கள். அவனே போய்ப் போட்டானாம். சந்தோஷப்பட்டேன். முழுசாகப் பட முடியவில்லை. எங்கள் வழக்கமான பரிசோதனையில் நாங்களே கண்டுபிடித்தோம், உடனே கூடுதல் பாதுகாப்பு சேர்த்தோம் என்று சார் அவர்களிடம் சொல்லியிருக்கிறாராம்.

வழக்கமான பரிசோதனை!

அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தவன் வாசலில் நின்றான். "அக்கா, நம்ம மத்த புரோகிராமுல இருந்த அடைச்ச வரியெல்லாம் நானே எடுத்துட்டேன். எல்லா வார்னிங்கும் ஆன்ல போட்டு, ஒண்ணு ஒண்ணா சரி பண்ணேன். மூணு நாளாச்சு. சார் திட்டினாரு. திட்டட்டும்னு உட்டுட்டேன்."

நேரத்தோடு செய்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

ஆகஸ்ட் 2

பெருமாள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார். நம்பரைப் பிரதாப்தான் கொடுத்திருப்பான். அவர்கள் முதலாளி, சரி பண்ணியாச்சு என்று ஆபீஸ் சொல்வதை நம்பத் தயாரில்லையாம். "முன்ன போன் பண்ணுச்சே அந்தம்மா, அது வந்து பாத்து சரின்னு சொல்லட்டும், அப்பறம் ஆள ஏத்தலாம்" என்கிறாராம். இன்னும் ஏணியில்தான் இறங்குகிறார்கள். பெண்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்றார்.

ரவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமன்னா நானும் வர்றேன்" என்றார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு. கனகபுராவிலிருந்து திரும்பும் பஸ்ஸில்

பஸ் ஆடுகிறது, எழுத்து கோணல்.

காலையில் வெறும் தொட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பிறகு கல் ஏற்றி. ஆப்பரேட்டரைக் கையை எடுத்துவிடச் சொன்னேன்; ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்குக் கீழே தானாகவே நின்றது. லிமிட் சுவிட்சில் இருந்த கம்பியைப் பெருமாளே அறுத்து, தூசி படாமல் தகரத்தில் மூடி போட்டிருந்தார். அதையும் சோதித்தேன். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. காலை ஷிப்டு மதியம் ஏறும்போது நானும் இறங்கி, அவர்களோடு ஏறுகிறேன் என்றேன். ரவி முகம் வெளுத்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொட்டியில் தோளோடு தோளாக நின்றோம். கிரானைட் தூசியில் எல்லோருக்கும் ஒரே நிறம். மேலே ரவியின் தலை சின்னதாகத் தெரிந்தது. ஏறினோம். ஆப்பரேட்டர் கையைத் தூக்கிக் காட்டினார், தொடவில்லை என்று. தொட்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த மரியகுழந்தை என்கிற அம்மா, ஐம்பது வயதிருக்கும், மேல் தளத்தின் விளிம்பைப் பார்த்தார். முன்பெல்லாம் ஆப்பரேட்டர் தளத்தோடு தளமாகக் கொண்டுவந்து நிறுத்துவாராம். இப்போது ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. காலைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும்.

"இன்னாடி இது அநியாயம்! முட்டி வலியோட நான் எப்படி ஏறுவேன்? எந்த மகராசன் இங்க நிக்கச் சொல்லி வெச்சான்?"

"நான்தாம்மா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு படியாவது போட்டு வெக்கக் கூடாது?" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் கையை ஊன்றி, முனகிக்கொண்டு ஏறிப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, சாப்பாட்டு நேரம்.

படி போடச் சொல்லிப் பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.